கத்தாரை எந்தப் பேப்பரில் பார்ப்பது?

அக்கா மகனுக்குக் கத்தாரில் வேலை வந்திருக்கிறது. எலக்ட்ரீஷியன். மாதம் 1,500 ரியால், ரூம் கம்பெனியுடையது, சாப்பாடு அவன் பாடு. பத்து நாளில் பாஸ்போர்ட்டும் பணமும் வேண்டும் என்று ஏஜென்ட் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அன்று ராத்திரியே வேலந்தாவளத்திலிருந்து அக்கா போன் போட்டாள். யாரோ அவளுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். "பந்து வெளையாடற கிரவுண்டு கட்டறதுக்கு ஆறாயிரத்து ஐநூறு பேரச் சாகக் குடுத்துட்டாங்களாமா கண்ணு. நான் அனுப்பவே மாட்டேன்." பின்னாலிருந்து அவன் குரல்: "சித்தி, அது லண்டன்காரன் பொறாமையில எழுதுனதுங்க. நான் ஒண்ணு அனுப்பறேன் பாருங்க." வந்தது ஒரு ரீல்ஸ். தோஹா கடலோரக் கட்டடங்கள் ராத்திரி வெளிச்சத்தில் மினுங்குகின்றன, பின்னணியில் பாட்டு.

நாடு ஒன்று, படம் இரண்டு. நடுவில் நான்.

நான் கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் ஆன்லைன் சேவைக் கடை வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் விண்ணப்பம், போலீஸ் கிளியரன்ஸ், கரண்ட் பில். கடை வாசல் பெஞ்சில் ஒரு தமிழ்ப் பேப்பரும் ஒரு மலையாளப் பேப்பரும் எப்போதும் கிடக்கும். இந்தப் பக்கம் அது அதிசயமில்லை. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம், சந்தையில் எது முதலில் வாயில் வருகிறதோ அது. அதனால் வெளிநாட்டுச் செய்தி படிக்க எங்களுக்கு ஒரு வாசல் கூடுதல். ஒரு வாரம் உட்கார்ந்து கத்தாரைப் பற்றி லண்டன் என்ன சொல்கிறது, அல் ஜசீரா என்ன சொல்கிறது, மலையாளப் பேப்பர் என்ன சொல்கிறது, தமிழ்ப் பேப்பர் என்ன சொல்கிறது என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். பையனை அனுப்புவதா என்கிற முடிவுக்கு இவற்றில் எது உதவும் என்பதுதான் கேள்வி. எது யோக்கியமான பேப்பர் என்கிற பட்டிமன்றம் எனக்குத் தேவையில்லை.

இப்படிப் பார்க்கிற புத்தி எனக்குப் பிளாச்சிமடையில் வந்தது. பக்கத்து ஊர், பெருமாட்டி பஞ்சாயத்து. 2002 ஏப்ரலில் கோக்க-கோலா ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியபோது எட்டிப் பார்க்க ஆளில்லை. 2003இல் பிபிசியின் ரேடியோ 4 நிகழ்ச்சி ஒன்று, ஆலையிலிருந்து உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்த கசடை எடுத்துப் போய் இங்கிலாந்தில் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் சோதித்தது. காட்மியமும் ஈயமும் இருந்தன. அதற்குப் பிறகுதான் திருவனந்தபுரத்துக்கே காது கேட்டது என்று இன்றும் இங்கே சொல்வார்கள். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. வெளிநாட்டு மீடியா செய்த நன்மையைக் கண்ணால் பார்த்தவள் நான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தச் செய்திகளோடு வந்த படங்களில் வறண்ட மண், கிணறு, பிளாஸ்டிக் குடத்தோடு பெண்கள், அவ்வளவுதான். சுற்றிலும் இருந்த தென்னந்தோப்பைக் காணோம். போராட்டத்தில் முன்னால் நின்ற மயிலம்மா பேசியதும், பந்தலில் உட்கார்ந்திருந்த பாதிப் பேர் பேசியதும் தமிழ் கலந்த பேச்சு. நான் படித்தவற்றில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. எழுதியதெல்லாம் நிஜம். எங்கள் ஊர்தான் அதில் இல்லை.

லண்டன் கணக்கு

கார்டியன் பத்திரிகை 2021 பிப்ரவரியில் போட்ட செய்தியில்தான் அந்த ஆறாயிரத்து ஐநூறு பிறந்தது. 2010 டிசம்பரில் கால்பந்து உலகக் கோப்பையை நடத்தும் வாய்ப்பு கத்தாருக்குக் கிடைத்ததிலிருந்து பத்து ஆண்டுகளில் அங்கே இறந்த ஐந்து நாட்டுக்காரர்களின் எண்ணிக்கை: இந்தியா 2,711, நேபாளம் 1,641, வங்கதேசம் 1,018, பாகிஸ்தான் 824, இலங்கை 557. கூட்டினால் 6,751. அந்தந்த நாட்டு அரசுகளிடமும் தூதரகங்களிடமும் வாங்கிய கணக்கு. இவர்கள் என்ன வேலை பார்த்தார்கள், எங்கே இறந்தார்கள் என்கிற பிரிவு அதில் இல்லை என்று செய்தியிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் செய்தி ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போகும்போது "உலகக் கோப்பை கிடைத்த பிறகு" என்பது "ஸ்டேடியம் கட்டும்போது" என்று ஆகிவிட்டது. அக்காவுக்கு வந்து சேர்ந்தது அந்தக் கடைசி வாயின் பேச்சு.

கத்தார் அரசின் உலகக் கோப்பைக் குழு சொன்ன கணக்கு வேறு. ஸ்டேடியம் வேலையாட்களில் இறந்தது 37 பேர், அதிலும் வேலையால் இறந்தது 3 பேர்தான். 2022 நவம்பரில் அந்தக் குழுவின் தலைமைச் செயலாளர் ஹசன் அல் தவாதி ஒரு டிவி பேட்டியில் 400லிருந்து 500 வரை இருக்கலாம் என்று வாய்விட்டார். பிறகு குழு அதற்கு விளக்கம் கொடுத்தது: 2014 முதல் 2020 வரை நாடு முழுக்க எல்லாத் தொழிலும் சேர்த்து வேலையிடச் சாவு 414 என்று. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2020ஆம் ஆண்டை மட்டும் எடுத்துப் பார்த்து, வேலையிடத்தில் 50 சாவு, பலத்த காயம் 506 பேருக்கு என்றது.

மூன்று, முப்பத்தேழு, ஐம்பது, நானூற்றுப் பதினான்கு, ஆறாயிரத்துச் சொச்சம். எதுவும் பொய்க் கணக்கில்லை. ஒவ்வொன்றும் வேறு கேள்விக்குப் பதில். ஸ்டேடியத்தில் வேலையால் செத்தவன் எத்தனை என்று கேட்டால் 3. அந்த நாட்டுக்குப் போய்ப் பெட்டியில் திரும்பியவன் எத்தனை என்று கேட்டால் ஆறாயிரம். அக்காவின் கேள்வி இரண்டாவதுதான். அவளுக்கு ஸ்டேடியம் என்ன, சமையற்கட்டு என்ன?

அந்த இரண்டாவது கணக்கையும் கொஞ்சம் ஆற வைத்துப் பார்க்க வேண்டும். கத்தாரில் இருக்கும் இந்தியர்கள் இன்று ஏழு லட்சத்துக்கு மேல், அதாவது எங்கள் பாலக்காடு மாவட்டத்தில் நாலில் ஒரு பங்கு. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் இதைவிடக் குறைவு. பத்து ஆண்டில் 2,711 என்றால் வருஷத்துக்கு 270 பேர் சுமார். இங்கே அத்தனை ஜனத்தில் ஒரு வருஷம் இறப்பவர்கள் இதைப்போலப் பல மடங்கு இருக்கும். கத்தாருக்காகப் பேசுகிறவர்கள் இதைத்தான் தூக்கிக் காட்டுகிறார்கள். ஆனால் இங்கே இறப்பவர்களில் பெரும்பாலோர் பாட்டன் பாட்டிகள். அங்கே போனவர்கள் மெடிக்கல் டெஸ்ட்டில் தேறி விமானம் ஏறிய வயசுப் பிள்ளைகள். இந்தியர்களின் சாவில் 80 சதவீதம் "இயற்கை மரணம்" என்று எழுதப்பட்டிருப்பதையும் கார்டியன் சேர்த்தே போட்டது. முப்பது வயதுக்காரன் தூக்கத்தில் போவதை இயற்கை என்று எழுதி, உடற்கூறு ஆய்வும் இல்லாமல் பெட்டி கட்டி அனுப்பினால், வெயிலா, தூக்கமில்லாமையா, நெஞ்சு வலியா என்று யாருக்குத் தெரியும்? லண்டன் பேப்பர் கேட்ட கேள்விகளில் இதுதான் நல்ல கேள்வி. வீடியோவில் இது வரவில்லை.

இவ்வளவு நல்ல வேலை செய்த அதே லண்டன், ஆட்டம் தொடங்கியதும் என்ன செய்தது என்பதும் இருக்கிறது. 2022 நவம்பர் 20, தொடக்க விழா. பிபிசி தன் முதன்மைச் சேனலில் அதைக் காட்டவில்லை, இணையத்துக்குத் தள்ளிவிட்டு, கத்தாரின் குற்றப் பட்டியலோடு நிகழ்ச்சியைத் தொடங்கியது. அது அவர்கள் இஷ்டம். எனக்கு உறைத்தது வேறு ஒன்று. அதற்குச் சில நாள் முன்னால் தோஹா தெருவில் அர்ஜென்டினா, பிரேசில், இங்கிலாந்து சட்டை போட்டுக்கொண்டு செண்டை அடித்து ஆடிய கும்பலின் வீடியோ உலகம் சுற்றியது. மலையாளிகள், கூடவே நம் ஆட்களும் இருந்திருப்பார்கள். "இவர்கள் காசு கொடுத்துக் கூட்டி வந்த போலி ரசிகர்கள்" என்கிற சந்தேகத்தை ஐரோப்பியப் பத்திரிகைகள் கிளப்பின. கோழிக்கோட்டுப் பக்கம் புள்ளாவூரில் ஆற்று நடுவே மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் கட்-அவுட் நட்டவர்களை அறிந்த யாரும் இதைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க மாட்டார்கள். உலகக் கோப்பை வந்தால் எங்கள் கடைவீதியிலேயே பிரேசில் கொடிக்கும் அர்ஜென்டினா கொடிக்கும் கம்பம் போதாது. கட்டடம் கட்டுகிறவன் இறந்தால் இரக்கப்படுகிற கண், அவனே இங்கிலாந்து சட்டை போட்டு ஆடினால் நம்ப மறுக்கிறது.

டிசம்பர் 18, இறுதி ஆட்டம். கத்தார் அமீர் மெஸ்ஸியின் தோளில் கறுப்பு மெல்லாடை ஒன்றைப் போட்டார். பிஷ்த் என்பது அதன் பெயர். பெரிய தருணத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்கிற பொருளில் லண்டன் பேப்பர் ஒன்று தலைப்பு வைத்தது. எங்கள் பெஞ்சில் அன்று நடந்த பேச்சு ஒரே வரிதான்: "பொன்னாடை போத்தறாங்கப்பா."

அல் ஜசீரா

1996 நவம்பரில் தோஹாவில் தொடங்கியது, கத்தார் அரசின் பணம். ஆங்கிலச் சேனல் 2006இல் வந்தது. 2017 ஜூன் 5ஆம் தேதி சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாரை ஒதுக்கி வைத்தபோது போட்ட பதின்மூன்று நிபந்தனைகளில் ஒன்று, இந்தச் சேனலை இழுத்து மூடு என்பது. ஒரு சேனலுக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. 2021 ஜனவரி வரை நீடித்த அந்த மூன்றரை ஆண்டில் அல் ஜசீராவில் பார்த்தால் கத்தார் தனியாக நிமிர்ந்து நின்ற சின்ன நாடு, சவூதிக்காரர்களின் அல் அரேபியாவில் பார்த்தால் தீவிரவாதத்துக்குக் காசு கொடுக்கும் வீடு. பாலுக்குத் தட்டுப்பாடு என்று மாடுகளை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்த கதையை மட்டும் எல்லா நாட்டு மீடியாவும் ஆசையாகப் போட்டன. எங்கள் பால் சொசைட்டியிலும் அதுதான் பேச்சு: மாட்டுக்கு டிக்கெட் என்ன விலை இருக்கும்?

மற்ற நாட்டு விஷயத்தில் அல் ஜசீராவின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஏழை நாடுகளுக்கு ஆளை அனுப்பி நின்று பேச வைக்கிறார்கள். கத்தார் தொழிலாளர் விஷயத்தையும் அவர்கள் அடியோடு விட்டுவிடவில்லை, தொழிலாளர் அமைப்பின் அறிக்கையும் ஆம்னெஸ்டி சொன்னதும் அங்கே வந்தன. வேறுபாடு எடுப்பில் இருக்கிறது. லண்டன் "இத்தனை பேர் செத்தார்கள்" என்று தொடங்கினால், இங்கே "சட்டம் மாறியது" என்று தொடங்கும். சட்டம் மாறியது நிஜம்தான். 2020இல் கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, கையெழுத்து போடாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம் என்று ஆக்கினார்கள். 2021 மார்ச் 20 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால், கம்பெனி இடம் தராவிட்டால் 500, சாப்பாடு தராவிட்டால் 300 மேலே. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது. அக்கா மகனுக்குச் சொன்ன சம்பளத்தை இதோடு வைத்துப் பார்த்தேன், சட்டத்துக்கு மேலேதான் இருக்கிறது. இவ்வளவும் முடிவெடுக்க உதவும் செய்தி. சட்டம் கேம்ப் கதவுக்குள் நுழைந்ததா என்று பார்க்க மட்டும் வேறு இடம் போக வேண்டும். 1979இலிருந்து பத்திரிகைச் சட்டம் ஒன்று அங்கே நடப்பில் இருக்கிறது. அமீரைக் குறை சொல்லி எழுதிவிட்டு அந்த ஊரில் நிம்மதியாக இருக்க முடியாது.

ஒரு சமயத்துக்கு மட்டும் இதை விட்டால் வேறில்லை. 2025 ஜூன் 23 ராத்திரி, கத்தாரில் அமெரிக்கப் படை இருக்கும் அல் உதைத் ராணுவத் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணை விட்டபோது, கத்தார் வான்வழியை மூடிவிட்டது. அங்கே பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் யாரும் தூங்கவில்லை. செய்தி நடக்கிற ஊரிலேயே ஆபீஸ் வைத்திருக்கும் சேனலைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

மலையாளப் பத்திரம்

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒன்றே ஒன்றுதான் படிக்க நேரம் என்றால் மலையாளப் பேப்பரின் கல்ஃப் பக்கத்தைப் படிக்கச் சொல்வேன். பெரிய அறிவாளித்தனமான பக்கம் இல்லை அது. விசா பிடிக்கப் போனவன் ஏமாந்த கதை, ஓணத்துக்கும் பள்ளி லீவுக்கும் விமான டிக்கெட் ஏறின கதை, ஏதோ ஒரு சங்கத்தின் ஆண்டு விழாப் போட்டோவில் முப்பது தலை. நடுவில் நாலு வரியில் ஒரு சாவுச் செய்தி: இன்ன ஊர்க்காரர், இத்தனை வருஷமாக டிரைவர், நெஞ்சு வலி, உடலை நாட்டுக்குக் கொண்டுவர ஏற்பாடு நடக்கிறது.

கார்டியன் வருஷக் கணக்கில் தோண்டி எடுத்த எண்ணிக்கை, இங்கே பல வருஷமாக நாலு நாலு வரியாக வந்துகொண்டிருந்தது. கூட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அது இந்தப் பேப்பர்களின் குறை. ஆனால் லண்டனில் எண்ணாக இருப்பவனுக்கு இங்கே ஊரும் தொழிலும் இருக்கின்றன. ஊர் தெரிந்தால் விசாரிக்கலாம். அவன் வேலை பார்த்த கம்பெனி எது, கடைசிச் சம்பளம் வந்ததா, செட்டில்மென்ட் கிடைத்ததா என்று அந்த வீட்டுத் திண்ணையில் போய்க் கேட்கலாம். முடிவெடுக்க வேண்டிய குடும்பத்துக்கு இது பெரிய விஷயம்.

இன்னொன்று, சந்தேகங்களின் தரம். எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கலாம் என்று "ஃப்ரீ விசா" என்கிற பெயரில் விற்பது சட்டப்படி ஃப்ரீயும் இல்லை, விசாவும் இல்லை என்பதை நான் தெரிந்துகொண்டது இங்கேதான். லைசென்ஸ் உள்ள ஏஜென்ட்டே 30,000 ரூபாய்க்கும் ஜிஎஸ்டிக்கும் மேல் வாங்கக் கூடாது என்பதும் இங்கேதான். ஒரு வளைகுடா நாட்டைப் பற்றி அரை நூற்றாண்டாக வீட்டுக்கு வீடு கடிதம் எழுதிக்கொண்டிருந்த ஜனம், பேப்பர் நடத்தினால் இப்படித்தான் இருக்கும். 1999இல் பஹ்ரைனில் கல்ஃப் மாத்யமம் என்று அங்கேயே அச்சடிக்கவும் தொடங்கினார்கள்.

குறையும் பெரிதுதான். இந்தப் பக்கங்களின் விளம்பரத்தைப் பாருங்கள்: நகைக்கடை, ஹைப்பர் மார்க்கெட், ஆஸ்பத்திரி. பலவும் வளைகுடாவில் தொழில் செய்யும் முதலாளிகளுடையவை. சம்பளம் தராத கம்பெனியின் பெயர் செய்தியில் "ஒரு பிரபல நிறுவனம்" என்று ஆகிவிடும். பணக்கார மலையாளிக்கு முழுப் பெயரும் போட்டோவும், ஏமாற்றிய மலையாளிக்கு முதல் எழுத்துகூட இல்லை.

அப்புறம் எங்களுக்கே ஆன ஒரு சங்கடம். செய்தியில் "மலையாளி மரணம்" என்று வரும். "தமிழக வாலிபர் பலி" என்று கோவைப் பதிப்புத் தமிழ்ப் பேப்பரில் வரும். பாலக்காட்டு விலாசத்தில் பாஸ்போர்ட்டும் தமிழ் வாயும் வைத்திருக்கிற எங்கள் பையன் எந்தத் தலைப்பில் வருவான்? விளையாட்டுக் கேள்வி இல்லை. அவசரம் என்றால் போக வேண்டியது நோர்க்கா ரூட்ஸுக்கு, அது வெளிநாட்டில் இருக்கும் மலையாளிகளுக்கான கேரள அரசு அமைப்பு. சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது, ஆனால் நம் ரேஷன் கார்டைப் பார்த்ததும் பாலக்காட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மீதி

தமிழ்ப் பேப்பரின் உலகப் பக்கம் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பெரும்பாலும் ஏஜென்சிச் செய்தி, ராய்ட்டர்ஸ், ஏஎப்பி, பிடிஐ வழியாக வருவது. லண்டன், பாரிஸ் கண்ணுதான், தமிழ் எழுத்தில். பிபிசி தமிழ் அதைவிட மேல். விளக்கி எழுதுகிறார்கள், ஊர்த் தொழிலாளியிடமும் பேசுகிறார்கள். 1941இல் தொடங்கி 2017 வரை ரேடியோவில் கேட்ட தமிழோசையின் பழக்கம் இன்னும் அதில் ஒட்டியிருக்கிறது.

நம் ஆங்கில, இந்தி டிவிக்கு ஒரு உதாரணம் போதும். முன்னாள் கடற்படையினர் எட்டுப் பேருக்குக் கத்தார் கோர்ட் 2023 அக்டோபரில் மரண தண்டனை விதித்தபோது கத்தார் எதிரி நாடு. டிசம்பரில் தண்டனை குறைந்து, அடுத்த பிப்ரவரியில் விடுதலையானதும் நட்பு நாடு. கத்தார் அதே இடத்தில்தான் இருந்தது.

இவ்வளவையும் பார்த்துவிட்டு நான் செய்தது சின்ன வேலை. லண்டன் பேப்பரிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டேன்: வெயிலில் நிற்கிற வேலையா, கூரைக்குக் கீழா? அல் ஜசீராவிலிருந்து சட்டத்தின் எண்களை. மலையாளப் பேப்பரிலிருந்து சந்தேகத்தை. அந்தச் சந்தேகத்தோடு, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்களைப் பதிந்து வைக்கும் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்ட்டின் பெயரைப் போட்டுத் தேடினேன். அந்தப் பெயரில் லைசென்ஸே இல்லை. மும்பையில் இருக்கும் யாருக்கோ ஆள் பிடித்துக் கொடுக்கிறவன். கேட்டது 90,000 ரூபாய். பாஸ்போர்ட் கொடுக்க வேண்டாம் என்று மாமாவிடம் சொன்னேன்.

பையனுக்குக் கோபம்தான். ஆனாலும் போகிற ஆசை விடவில்லை, விடவும் வேண்டாம் என்றுதான் எனக்கும் படுகிறது. நோர்க்காவில் வேலை அறிவிப்பு வருகிறதா என்று இப்போது அவனே என் கடைக்கு வந்து பார்க்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை அக்காவும் கூட வந்தாள். ஆறாயிரத்து ஐநூறைப் பற்றிப் பாதி நாள் விளக்கினேன், கூரைக்குக் கீழ் வேலை என்றால் பரவாயில்லை என்கிற அளவுக்கு இறங்கி வந்திருக்கிறாள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"அங்க ஆறு ஒண்ணும் கிடையாதாமே. குடிக்கத் தண்ணி?"

"கடல் தண்ணியச் சுத்தம் பண்ணித்தான் ஊர் முழுக்கக் குடுக்கறாங்கக்கா."

"உப்புக் கரிக்காதா?"

ஒரு வாரம் படித்த எதிலும் அதற்குப் பதில் இல்லை. அங்கே பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்த மீனாட்சிபுரத்துக்காரர் ஒருவரின் நம்பரை அவளிடம் கொடுத்திருக்கிறேன்.